கடைசியாகச் சொன்னது

"எட்டு, மூணு, ஆறு," என்றாள் கொனாடு.

"எட்டு, மூணு, ஆறு," என்றார் மாமா.

"அஞ்சு, ஒண்ணு, ஒம்போது, நாலு."

"அஞ்சு, ஒண்ணு..." என்று தொடங்கி நின்றுவிட்டார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏம்மா, பல்கலைக்கழகத்துல இத்தன வருஷம் இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா? சந்தையில தக்காளி விக்கிறவ இதவிடப் பெரிய கணக்கு கேப்பா."

"இன்னொரு தடவ மாமா. ஏழு, ரெண்டு, எட்டு, அஞ்சு."

"ஏழு, ரெண்டு." அவர் சிரிப்பு பாதியில் அறுந்தது. "நீ தொண்டைக்குள்ளயே சொல்ற. கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

கொனாடு சத்தமாகத்தான் சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஃபுஃபு களிக்குக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்த அத்தைக்கே கேட்டிருக்கும்.

கொனாடு குமாசி நகரில் ஒரு மருத்துவமனையில் உளவியலாளர். தலையில் அடிபட்டவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் எதிரே உட்காரவைத்து எண் சொல்லச் சொல்வதும், படம் காட்டுவதும், கதை சொல்லித் திருப்பிக் கேட்பதும் அவளுடைய பிழைப்பு. சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்பது தொழில் விதி. மாமா வேறு யார் முன்னாலும் உட்காரமாட்டார் என்பது மாமாவின் விதி. எது வென்றது என்று சொல்லவேண்டியதில்லை.

தாய்மாமா அகுவோக்கோ, அம்பொன்குரோம் ஊரின் ஒச்சியாமே, அதாவது அரசரின் வாய். நனா என்று ஊரார் அழைக்கும் அந்த அரசர் சபையில் யாரிடமும் நேராகப் பேசமாட்டார்; யாரும் அவரிடம் நேராகப் பேசவும் முடியாது. நடுவில் பொன்தகடு போர்த்திய கோலோடு மாமா நிற்பார். வருகிறவர்கள் அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதை நனாவிடம் சேர்ப்பார். நனா தணிந்த குரலில் சொல்வதை அவர் சபைக்குச் சேர்ப்பார். சேர்க்கும்போது தேன் தடவலாம், பழமொழி சேர்க்கலாம், முள்ளிருந்தால் ஒடிக்கலாம். ஒரு தானிய மணி மட்டும் சிந்தக் கூடாது. ஒச்சியாமே வாயில் வராதது சொல்லப்படாதது. காதால் கேட்டிருந்தாலும் நனா அதைக் கேட்டவராக மாட்டார்.

முன்பெல்லாம் ஒருவர் அரை நாழிகை அழுது புலம்பினாலும் மாமா அத்தனையையும் வாங்கிவைத்துக்கொண்டு வரிசை மாறாமல் கொட்டுவார். ஹர்மட்டான் என்னும் வறண்ட புழுதிக் காற்று வீசிய மாதத்தில் ஒருநாள் குளிக்கும் இடத்தில் சரிந்து விழுந்தார். வலது கை சில நாள் மரத்துக் கிடந்தது. பிறகு கை வந்துவிட்டது, நடை வந்துவிட்டது, பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் முழுக்கக் கறுப்பு ஆட்டை அறுத்துக் கொண்டாடியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் இடது காதுக்கு மேலே மூளையில் ஒரு சின்னத் தழும்பு என்றார். சின்னது என்ற சொல்லை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"என் தலையில கோளாறா?" என்றார் மாமா இப்போது. "இந்தா கேட்டுக்கோ." கண்ணை மூடிக்கொண்டு அம்பொன்குரோமின் ஆசனத்தில் அமர்ந்தவர்களின் பெயரை முதல் ஆள் தொடங்கி ஒப்பிக்க ஆரம்பித்தார். யார் எந்த ஆற்றைக் கடந்தார், யாருக்கு எந்தப் போரில் காது அறுந்தது, யார் தாயின் பெயர் என்ன, ஒன்று பிசகவில்லை. முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தபோது முகத்தில் அவ்வளவு பெருமை. கொனாடுவுக்கு அழுகை வந்தது.

"மாமா, ஞாபகம்ங்கறது ஒரே பானையில்ல," என்றாள். "இப்பச் சொன்னீங்களே, அதெல்லாம் உங்க களஞ்சியத்துல இருக்கு. அதுல ஒரு மூட்டகூடக் கெடல. ஆனா வெளியிலேர்ந்து வர்ற பேச்சு நேராக் களஞ்சியத்துக்குப் போயிடாது. மொதல்ல கையில வாங்கணும். காதுல விழுந்த சத்தம் அந்தக் கையில ரெண்டு மூச்சு நேரந்தான் நிக்கும். மனசுக்குள்ள வாய் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தா இன்னும் கொஞ்சம் நிக்கும். அதக் கையில ஏந்திக்கிட்டே வேலையும் பாக்கணும். எத முன்னாடி சொல்றது, எத மெதுவாச் சொல்றது, நனா மூஞ்சி எப்படி இருக்குன்னு. இத மொத்தமா வேலை பாக்குற ஞாபகம்னு நாங்க சொல்லுவோம்."

"நல்ல பேருதான்."

உளவியலாளர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். குணப்படுத்துவதில்தான் கையைப் பிசைவார்கள்.

"எல்லாருக்குமே அந்தக் கை சின்னதுதான் மாமா. எனக்கு ஒரு ஏழு நிக்கும். உங்களுக்கு முன்னாடி பத்துகூட நின்னிருக்கும். இப்ப, கதையா வந்தா ஒண்ணு ரெண்டு கூட ஒட்டும், வெறுமனே சொன்னா மூணுதான் நிக்குது."

"மூணு போதுமே. ரெண்டு காது, ஒரு நாக்கு."

"விளையாடாதீங்க. கடைசியாச் சொன்னதுதான் மொதல்ல விழுது. விழுந்ததே உங்களுக்குத் தெரியாது, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. உங்க களஞ்சியம் நெறஞ்சு கெடக்கறதால, ஓட்ட விழுந்த எடத்துல சட்டுனு ஒரு பழமொழிய எடுத்து வச்சுடுது. கேக்கறவங்களுக்கும் தெரியாது. ஆஹா, ஒச்சியாமேன்னா ஒச்சியாமேதான்னு போயிடுவாங்க. மாமா, கோலக் குடுத்துடுங்க."

அவர் துணியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "கெட்ட அரசன்னு ஒருத்தன் கெடையாது, கெட்ட ஒச்சியாமேதான் உண்டுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்."

"நனாவுக்கு இருந்த இன்னொரு ஒச்சியாமே போன வருஷம் செத்தாரு. அவரு வீட்டுல இன்னும் அடுத்த ஆளச் சொல்லல. நானும் கோல வச்சுட்டா நனாவுக்கு வாயே இல்ல. அவங்க ஆளு சொல்ற வரைக்கும் நான் நிக்கணும். எல்லாரையும் துண்டு துண்டாப் பேசச் சொல்றேன். ரெண்டு வார்த்த சொல்லு, நிறுத்துன்னு சொல்றேன். சரியா?" குரலைத் தணித்தார். "இத வெளிய சொல்லிடாதம்மா. கைய நீட்டிக் கேக்கறேன்."

அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல அவளால் முடியவில்லை. துண்டு துண்டாகப் பேசினால் சமாளிக்கலாம் என்று படித்த மனசும் ஒத்துக்கொண்டது. பாசம் வந்தால் படித்தவர் கண்ணையும்தான் மறைக்கும்.

*

பிராகோவின் வழக்கு வந்தபோது கொனாடு விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாள். மாமா எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கத்தான் வந்தாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில், வழக்குச் சொல்கிறவர் நிற்கும் இடத்துக்கு அருகிலேயே உட்கார்ந்தாள்.

பிராகோ கோக்கோத் தோட்டக்காரி. புருஷனோடு சேர்ந்து காட்டை வெட்டி, வாழை நிழலில் கன்று வைத்து, காய்க்கிற வரைக்கும் வளர்த்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். அம்பொன்குரோமில் ஒரு மனிதன் செத்தால் அவன் சொத்து பெண்டாட்டிக்கும் போகாது, பிள்ளைக்கும் போகாது. அக்கா தங்கை பிள்ளைகளுக்குத்தான். அப்படித்தான் அப்ராக்கு வந்து நின்றான், செத்தவனின் தங்கை மகன். அவன் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. முறைப்படி வருவதை யார் வேண்டாமென்பார்கள்?

ஆனால் முறையில் ஒரு வாசலும் உண்டு. உயிரோடு இருக்கும்போதே ஒருவன் பெண்டாட்டிக்கு ஒரு தோட்டத்தைக் கொடுக்கலாம். கொடுத்தால் அவள் சாட்சிகள் முன்னால் நன்றிச் சாராயம் வைக்க வேண்டும். அந்த பாட்டில் திறந்து எல்லோர் வாயிலும் ஒரு சொட்டுப் பட்டுவிட்டால் கொடை கொடைதான், எந்த மருமகனும் தொட முடியாது. நன்றி வைக்காத கொடை வெறும் பேச்சு.

பிராகோ செருப்பைக் கழற்றிவிட்டு, மேல்துணியைத் தோளிலிருந்து இறக்கிக் கட்டிக்கொண்டு மாமா முன்னால் வந்து நின்றாள்.

"துண்டு துண்டாச் சொல்லும்மா," என்றார் மாமா.

அவள் தலையாட்டினாள். முதல் இரண்டு வார்த்தை அப்படித்தான் சொன்னாள். மூன்றாவதில் அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தவர்களிடம் நிறுத்திப் பேசு என்றால் முடியுமா? "ஒச்சியாமே, நனாகிட்டச் சொல்லுங்க, நான் கல்யாணமாகி வந்தப்ப அங்க ஒரு செடி கெடையாது, என் ரெண்டு கையாலதான் வச்சேன், மூத்தவன முதுகுல கட்டிக்கிட்டுத்தான் களையெடுத்தேன், அவரு படுக்கறதுக்கு முன்னாடி இது உன்னுதுன்னு வாயாலயே குடுத்தாரு, நான் அன்னைக்கே ஷ்னாப்ஸ் சாராயம் வாங்கியாந்து நன்றி வச்சேன், அப்ராக்குவும் ஒரு வாய் குடிச்சான்." மூக்கைத் துணியில் துடைத்துக்கொண்டாள். பாதி விசும்பல், பாதி முணுமுணுப்பு. மாமா காதுக்கும் முன்வரிசைக்கும் கேட்டது, அதற்கப்பால் போயிருக்காது.

மாமா நிமிர்ந்தார். கோலை ஊன்றினார். கொனாடு மனசுக்குள் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.

"நனா, இந்தப் பெண் சொல்வது இது. இவள் வந்தபோது அந்த நிலம் மொட்டையாக இருந்தது. தன் இரு கைகளால் அதற்கு முடி வளர்த்தாள். குழந்தையை முதுகில் சுமந்தாள், களையைக் கையால் சுமந்தாள். கணவன் கண்ணை மூடுமுன் இது உன்னுடையது என்று சொன்னான்." ஒரு கணம் நின்றார். அந்த ஒரு கணத்தில் ஏதோ விழுந்ததைக் கொனாடு கண்ணால் பார்த்தது போல உணர்ந்தாள். "நனா, உள்ளங்கையை நக்கும் ருசி புறங்கையில் வராது என்று நம் முன்னோர்கள் சொன்னார்கள். இவள் கேட்பது அந்த உள்ளங்கையைத்தான்."

சபை 'ஆஹா' என்றது.

நன்றிச் சாராயம் வரவில்லை. அப்ராக்கு குடித்ததும் வரவில்லை. வந்திருந்தால் நனா அப்ராக்குவைப் பார்த்துக் கேட்டிருப்பார். ஆசனத்தின் முன்னால் பொய் சொல்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை. ஆமாம் குடித்தேன் என்று சொல்லியிருப்பான். ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வலிய வந்து பதில் சொல்ல அவன் என்ன முட்டாளா?

"நன்றி வைக்காத கொடை கொடை ஆகாது," என்று தீர்ப்பு வந்தது. தோட்டம் அப்ராக்குவுக்கு.

பிராகோ வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "நான் சொன்னேனே," என்றாள். "ஷ்னாப்ஸ் வச்சேன்னு சொன்னேனே!"

"தீர்ப்பு வந்தப்புறம் சேக்கறியா?" என்று ஒரு பெரியவர் அதட்டினார். "சோறு தின்னுட்டு உப்பில்லங்கற கத."

கொனாடு எழுந்திருக்க வேண்டியது அப்போதுதான். உட்கார்ந்தே இருந்தாள். அம்மாவுடன் பிறந்தவரை ஊர் நடுவில் எப்படி நிறுத்துவது? வீட்டுக்குப் போய் மாமாவிடம் பேசி, அவர் வாயாலேயே நனாவிடம் சொல்லவைக்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

*

"சொல்லவே இல்லையேம்மா," என்றார் மாமா.

"சொன்னாங்க மாமா. நான் கேட்டேன். பக்கத்துலதான் இருந்தேன்."

"நன்றிச் சாராயம்னு ஒரு வார்த்த காதுல விழுந்திருந்தா நான் அத விடுவேனா? அந்த வழக்குல அதுதானே உயிரு!" அவர் குரலில் பொய் இல்லை. கண்ணில் பொய் இல்லை. மறந்தவனுக்கு மறந்தோம் என்றாவது இருக்கும். வாங்கவே இல்லாதவனிடம் எங்கே வைத்தாய் என்று எப்படிக் கேட்பது? "பெரிய சத்தியம் வேணுமா? ஆசனத்து மேல சத்தியம் பண்ணட்டுமா?"

"பண்ணாதீங்க," என்றாள் அவசரமாக. பண்ணுவார். மனசாரப் பண்ணுவார்.

"உங்களுக்கு அது கையிலயே நிக்கல மாமா. போன தடவ வந்தப்ப எண்ணு சொன்னோமே..."

"எண்ணு வேற. இது ஒரு பொம்பளயோட வாழ்க்க. இதையும் அதையும் ஒண்ணாப் பாக்கறியே!" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்துக்குப் பின்னால் பயம் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

இதற்குள் ஊர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஒச்சியாமே அப்ராக்குவிடம் வாங்கித் தின்றுவிட்டார், பிராகோவின் சொல்லை மென்று விழுங்கிவிட்டார் என்று கிணற்றடியில் பேச்சு. பிராகோ அரண்மனை வாசலில் போய் விழுந்தாள். தன் சொல்லை ஒச்சியாமே விழுங்கினார் என்று வழக்கு வைத்தாள். தோற்றால் அவர் பெயரைக் கழுவ ஆடு கொடுக்க வேண்டும். அவளிடம் ஆடு இல்லை, ஆட்டுக்கயிறுகூட இல்லை. இருந்தும் வைத்தாள்.

அன்று கொனாடு முடிவு செய்தாள். மாமா சொல்லாதே என்றதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் இரண்டும் நடக்கும்: பிராகோவுக்குத் தோட்டம் திரும்பும், மாமா திருடன் இல்லை என்று தெரியும். கோல் போகும். போகட்டும். மாமாவிடமே போய்ச் சொன்னாள். "நாளைக்குச் சபையில நான் பேசப்போறேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "பேசு," என்றார். "யார் பேசினாலும் கொண்டுபோய்ச் சேக்கறதுதான் என் வேல."

*

தன்மேல் வந்த வழக்கைத் தானே எப்படிச் சுமப்பது என்று சிலர் கேட்டார்கள். பக்கத்து ஊர் ஒச்சியாமேயை அழைக்கலாமே என்றார் ஒருவர். நனா ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு ஊரிலிருந்து வாய் கடன் வாங்கினால் என் வாய் நாறுகிறது என்று நானே தண்டோரா போட்டதாகும் என்றாராம். மாமா மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையே குழி தோண்டியது.

கொனாடு செருப்பைக் கழற்றிவிட்டு மாமா முன்னால் நின்றாள். நான்கடிக்கு அப்பால் குடைக்குக் கீழே நனா. அவள் சொல்லப்போவது நனாவிடம் சேரவேண்டுமானால் மாமாவின் வாய்வழியாகத்தான் சேர வேண்டும். நீளமாகச் சொன்னால் கடைசித் துண்டு சிந்திவிடும். இரவெல்லாம் அதை யோசித்து, சொல்லவேண்டியதைச் சின்னச் சின்னதாக ஒடித்துவைத்திருந்தாள்.

"ஒச்சியாமே, நனாகிட்டச் சொல்லுங்க. ஒச்சியாமே திருடன் இல்ல."

"நனா, ஒச்சியாமே திருடன் இல்லை என்கிறாள்," என்றார் மாமா.

"அவர் விழுந்தப்ப, மூளையில தழும்பு."

"நான் விழுந்த அன்று மூளையில் தழும்பு ஏற்பட்டது என்கிறாள்."

"பழைய ஞாபகம் முழுசா இருக்கு."

"பழைய ஞாபகங்கள் முழுமையாக இருக்கின்றனவாம்."

"புதுப்பேச்சு கையில நிக்கல."

மாமா கோலை இன்னொரு முறை ஊன்றினார். "புதிதாகக் கேட்கும் பேச்சு என்னிடம் நிற்பதில்லை என்கிறாள்."

"மூணுதான் நிக்கும்."

"மூன்றுதான் நிற்குமாம்."

"கடைசி விழுந்துடும்."

"கடைசியாகச் சொன்னது விழுந்துவிடுமாம்."

"பிராகோ சொன்னத நான் கேட்டேன்."

"பிராகோ சொன்னதை இவள் கேட்டாளாம்."

ஒரு மணி சிந்தவில்லை. தேன்கூடத் தடவவில்லை. தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே இழை இழையாக வாங்கி அடுத்த கைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோல் பிடித்த கையில் மட்டும் நரம்பு புடைத்திருந்தது. அவர் இத்தனை பிழையின்றிச் சேர்ப்பதே தனக்கு எதிராகப் போகிறது என்று கொனாடுவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

சபையில் யாரோ சிரித்தார்கள். "மூணுதான் நிக்குமா? இப்ப இத்தன நேரம் எப்படி நின்னுது?"

"நான் ஒடிச்சு ஒடிச்சுக் குடுத்தேன்!" என்று திரும்பிக் கத்தினாள். அது முறையில்லை. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

நனா குனிந்து ஏதோ சொன்னார். மாமா அதை வாங்கி, "நம் ஆசனத்தின் வரிசையைச் சொல்லும்படி நனா எனக்குக் கட்டளையிடுகிறார்," என்றார். சொன்னார். ஆற்றைக் கடந்தவர், காது அறுந்தவர், தாய்மார் பெயர்கள். குரல் கூடத்தைச் சுற்றி வந்தது. முடித்தபோது கொம்பு ஊதுகிறவன்கூட ஆடிப்போய் நின்றான். சபை கைதட்டியது.

"நனா, அது களஞ்சியம்," என்றாள் கொனாடு, முறையெல்லாம் மறந்து. "அதுக்கு ஒண்ணும் ஆகல. அஞ்சு எண்ணு சொல்லிக் கேளுங்க. தெரியாத அஞ்சு பேரு சொல்லித் திருப்பிக் கேளுங்க. ஒரு நிமிஷம் போதும் நனா!"

மாமா அதையும் சேர்த்தார். "ஐந்து எண் சொல்லிக் கேட்கும்படி சொல்கிறாள்."

நனாவின் முகம் சுருங்கியது. அவர் சொன்னதை மாமா உரக்கச் சொன்னார்: "என் ஒச்சியாமேயை ஊர் முன்னால் பால்வாடிப் பிள்ளையாக்கி எண் சொல்லவைக்க நான் இந்த ஆசனத்தில் உட்காரவில்லை."

ஒரு நிமிடத்தில் முடியக்கூடிய காரியம். மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்குச் செய்கிறாள். மரியாதை அதன் குறுக்கே மலை மாதிரி உட்கார்ந்துவிட்டது. அசைக்க அவளிடம் ஒன்றுமில்லை.

முன்பு அதட்டிய பெரியவர்தான் கடைசி ஆணியை அடித்தார். "ஒச்சியாமேக்கு அப்புறம் அந்தக் கோலு யாருக்குப் போகும்? அக்கா மகனுக்கு. அக்கா மகன் யாரு? இந்தப் பொண்ணோட அண்ணன். ஏம்மா, உங்க அண்ணனுக்குக் கோல் வேணும்னா நேராக் கேளேன். மாமாவப் பைத்தியமாக்கித்தான் வாங்கணுமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. குமாசியில் கார் உதிரிபாகம் விற்கும் அண்ணன் கோலைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டான். கொனாடு மாமாவைப் பார்த்தாள். அந்தப் பேச்சு அவரை எட்டியிருந்தது. ஒரு நொடி அவரும் அதை நம்பினாரோ என்று தோன்றியது. அந்த ஒரு நொடியை அவளால் தாங்க முடியவில்லை.

நனா கையை உயர்த்தினார். கூடம் அடங்கியது. மாமா குனிந்து காதைக் கொடுத்தார். நான்கடியில் நின்ற கொனாடுவுக்கு அந்தத் தணிந்த குரல் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"தோட்டம் அப்ராக்குவுக்குத்தான்னு சொல்லு. ஒச்சியாமே மேல பழி இல்லன்னு சொல்லு. பிராகோ கஷ்டப்பட்டவ, அவகிட்ட ஆடு கேக்க வேணாம். அதோட, அவ அந்தத் தோட்டத்து வீட்டுலயே சாகற வரைக்கும் இருக்கட்டும், வருஷா வருஷம் காய்ப்புல பாதி அவளுக்கு. யாரும் அவள எழுப்பக் கூடாது."

நனாவுக்கு மனசு இருந்திருக்கிறது. அவருக்குக் காதும் இருந்திருக்கிறது. முறை விட்ட சந்துக்குள் தன்னால் முடிந்த அளவு கையை நீட்டியிருந்தார்.

மாமா நிமிர்ந்து சபையைப் பார்த்தார். "நனாவின் வாக்கு இது. தோட்டம் அப்ராக்குவுக்கு. ஒச்சியாமே மீது பழி இல்லை. பிராகோ துயரப்பட்டவள், அவளிடம் ஆடு கேட்கமாட்டோம்." நின்றார். "மழை ஒரு கூரையின் மேல் மட்டும் பெய்வதில்லை என்றார்கள் முன்னோர்கள். எல்லோரும் சமாதானமாக வீடு போய்ச் சேருங்கள்."

சபை 'ஆஹா' என்றது.

நனா வெடுக்கென்று தலையைத் தூக்கினார். மாமாவின் முதுகைப் பார்த்தார். பிறகு கொனாடுவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் இப்போது தெரிந்துவிட்டது என்று. அவர் வாய் திறந்தது. கொனாடு கையைக் கூப்பாத குறையாக நின்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. ஆனால் சொன்னால் என்னவாகும்? சற்று முன்தான் பழி இல்லை என்றார். ஹர்மட்டான் மாதத்திலிருந்து இந்தக் கூடத்தில் சொன்ன தீர்ப்பெல்லாம், பிரித்த நிலமெல்லாம், சேர்த்துவைத்த சண்டையெல்லாம் இன்று மாலைக்குள் அவிழ்ந்து வாசலில் வந்து நிற்கும். நனா வாயை மூடிக்கொண்டார். எழுந்தார். குடை அசைந்தது, கொம்பு ஊதியது, உள்ளே போய்விட்டார்.

கொனாடு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, முற்றத்தில் அப்ராக்குவைப் பிடித்தாள். பிராகோவும் அங்கேதான் மேல்துணியை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ராக்கு, நனா அவங்களுக்குப் பாதிக் காய்ப்பு சொன்னாரு. வீடும் சாகற வரைக்கும் அவங்களுதுதான்னாரு. நான் கேட்டேன்."

அவன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான். "அக்கா, நீங்க படிச்சவங்க, உங்களப் பொய்யின்னு சொல்லமாட்டேன். ஆனா ஒச்சியாமே வாயில வரலியே. நானா ஒண்ணக் குடுத்தா நாளைக்கு என் தம்பிங்க என்ன கேப்பாங்க?"

மாமா கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். பழி நீங்கிய முகம். கொனாடு அவர் கையைப் பிடித்தாள். "மாமா, நனா கடைசியா என்ன சொன்னாரு? வீட்டப் பத்தி, பாதியப் பத்தி?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். நிஜமாகவே தேடினார். தேடுவது முகத்தில் தெரிந்தது. "சமாதானமாப் போகச் சொன்னாரு," என்றார். "அதத்தானே சொன்னேன்?"

அப்ராக்கு தரையைப் பார்த்தபடி நகர்ந்து போனான். மாமா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டே நின்றார். எதையோ கீழே போட்டுவிட்டோம் என்று மட்டும் அவருக்கு அப்போது லேசாகத் தட்டியிருக்க வேண்டும். என்ன என்று கேட்க அவருக்கும் தைரியம் வரவில்லை.

பிராகோ மேல்துணியின் முடிச்சை இறுக்கினாள். அழுது முடித்த குரலில்தான் பேசினாள்.

"நீ உள்ள சொன்னதெல்லாம் எனக்குப் புரிஞ்சுது டாக்டரம்மா. மத்தவங்களுக்குப் புரியாட்டியும் எனக்குப் புரிஞ்சுது. உங்க மாமா நல்லவருதான். காசு வாங்கியிருந்தாருன்னா தலமுற தலமுறையாச் சபிச்சிருப்பேன், அப்படியாவது என் வயிறு ஆறியிருக்கும்." மாமாவின் பக்கம் திரும்பி முறைப்படி முழங்காலை மடித்து வணங்கினாள். "இவரோட நான் எதுக்குன்னு சண்ட போடறது?"

தோட்டத்து வீட்டில் இருந்த தன் சமையல் பாத்திரங்களை எடுத்துவர நடந்தாள்.